காலுக்கு ஒரு பிடி: கிளப்பில் பரிசோதனை எலக்ட்ரானிக் இசை வாசிக்கப் போகிறவர்களுக்கு

வீட்டில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, கரகரப்பையும் இரைச்சலையும் உடைந்த தாளத்தையும் வைத்து இசை செய்துகொண்டிருப்பவருக்கு என்றாவது ஒரு நாள் அந்த அழைப்பு வரும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, ஒரு கிளப்பில், 45 நிமிடம் வாசிக்க முடியுமா என்று. தாராளமாக முடியும். ஆனால் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்பவர்களுக்கு வாசித்த செட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போனால் எடுபடாது. கிளப்புக்கு வருகிறவர்கள் முதலில் காலால் கேட்கிறார்கள். காது அப்புறம்தான் வருகிறது.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் கசப்பானது. என் முதல் கிளப் செட்டில், பத்தாவது நிமிடம் கிக்கை, அதாவது தும் என்று விழும் டிரம் அடியை, நிறுத்திவிட்டு, மாதக்கணக்காகச் செதுக்கி வைத்திருந்த மூன்று நிமிட இரைச்சலை விட்டேன். இரண்டு நிமிடத்துக்குள் ஆடுகளம் காலியாகிவிட்டது. சில மாதங்கள் கழித்து வேறொரு இடத்தில் அதே இரைச்சலை, அதே நீளத்துக்கு வாசித்தேன். அடியில் மெல்லிய கிக் ஒன்றை மட்டும் ஓடவிட்டிருந்தேன். யாரும் நகரவில்லை. இரைச்சல் உச்சிக்கு ஏறியபோது கூட்டம் கூவியது. ஒலி இரண்டு ராத்திரியும் ஒன்றுதான். முதல் தடவை, ஆடுகிறவர்களின் கால் பிடித்துக்கொள்ள நான் எதையும் மிச்சம் வைக்கவில்லை. அந்த ஒரு பிடியைக் கொடுத்துவிட்டால், மற்ற எல்லாவற்றையும் நீங்கள் கலைத்துப் போடலாம். கீழே சொல்வதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

கூப்பிட்டவரிடம் முதலில் கேளுங்கள்

எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், உங்களுக்கு முன்னால் யார், பின்னால் யார், மேடையில் எதில் இணைக்க வேண்டும். இந்த ஐந்தையும் கேட்காமல் செட் தயாரிக்க உட்காராதீர்கள். பத்து மணிக்கு வாசிப்பவர் கிக் இல்லாமல்கூடத் தொடங்கலாம். ஆட்கள் அப்போதுதான் உள்ளே வந்துகொண்டிருப்பார்கள். ஒரு மணிக்கு வாசிப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. உங்களுக்கு முன் வாசிப்பவர் 130 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 130 அடி) முடிப்பார் என்று தெரிந்தால், முதல் நிமிடத்தை அதற்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். அந்த நடை ஏற்கெனவே கூட்டத்தின் உடம்பில் இருக்கிறது. அதை வாங்கிக்கொண்டு, மெல்ல உங்கள் பக்கம் திருப்புவது சுலபம்.

பிடியைத் தேர்ந்தெடுங்கள்

பிடி என்றால் நான்கு அடிக்கும் தும் தும் என்று விழும் கிக்தான் என்று இல்லை. ஹவுஸ் இசை பெரும்பாலும் 120-லிருந்து 130-க்குள், டெக்னோ அதற்குக் கொஞ்சம் மேலே, டிரம் அண்ட் பேஸ் 170-ஐ ஒட்டி. இவற்றுக்குள்ளேயே நிற்க வேண்டும் என்ற சட்டமும் இல்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து இளைஞர்கள் உண்டாக்கிய கோம் இசையில் நான்கடி நேர் கிக் கிடையாது. உடைந்த, தள்ளாடும் கிக் ஒன்று திரும்பத் திரும்ப வரும், கூட்டம் அதில் தொங்கிக்கொண்டு ஆடும். தான்சானியாவின் தார் எஸ் சலாமில் பிறந்த சிங்கேலி 200 பிபிஎம்மையும் தாண்டி ஓடும். இரண்டிலும் ஒரு பொது அம்சம் உண்டு: எது மாறினாலும் மாறாத ஒன்று உள்ளே இருக்கிறது. உங்கள் செட்டில் அது எது என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும். கிக்கா, இரண்டாம் நான்காம் அடியில் விழும் கிளாப்பா, ஓயாமல் சிணுங்கும் ஹை-ஹாட் தட்டா, ஒரே சுரத்தில் துடிக்கும் பேஸா? சொல்ல முடியவில்லை என்றால் பிடி இன்னும் அமையவில்லை என்று அர்த்தம்.

இங்கே ஒரு பழைய கதை. 1994-இல் பிரிட்டனில் ஒரு சட்டம் வந்தது. திறந்தவெளி நடனக் கூட்டங்களைக் கலைக்க வந்த அந்தச் சட்டம், தொடர்ந்து திரும்ப வரும் அடிகளைப் பிரதான குணமாகக் கொண்ட ஒலி என்று அந்த இசைக்கு ஒரு வரையறையையே எழுதி வைத்தது. அதை எதிர்த்து ஆட்டெகர் என்ற இருவர் அணி, எந்த இரண்டு பாரும் (தாளச் சுற்றும்) ஒன்றுபோல இல்லாத ஒரு பாடலை அந்த ஆண்டே வெளியிட்டது. பரிசோதனை இசை செய்கிறவர்கள் அதைக் கட்டாயம் கேட்க வேண்டும். அடிகளின் அடுக்கு மாறிக்கொண்டே இருந்தாலும் வேகம் மாறுவதில்லை, ஒலிகளின் குடும்பம் மாறுவதில்லை. தலை ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

128 பிபிஎம்மில் நான்கடி கொண்ட ஒரு பார் 1.875 விநாடி. 16 பார் சரியாக 30 விநாடி, 32 பார் ஒரு நிமிடம். ஆடுகிறவர்கள் எண்ணுவதில்லை, ஆனால் அவர்கள் உடம்பு எண்ணுகிறது. 16-ஆவது பார் முடியும் இடத்தில் ஏதாவது நடக்கும் என்று அது காத்திருக்கும். அந்த இடத்தில் மாற்றத்தைக் கொடுத்தால் நிம்மதி. ஒரு பார் தள்ளிக் கொடுத்தால் சிலிர்ப்பு. கொடுக்கவே இல்லை என்றால் மயக்கம். மூன்றுமே வேண்டும். மூன்றில் எதை எப்போது செய்கிறோம் என்ற தெளிவு உங்களிடம் இருந்தால் போதும்.

நம்மில் பலருக்குத் தாளம் போட்டு வளர்ந்த கை இருக்கிறது; அதை இங்கே பயன்படுத்துங்கள். டிரம் மெஷினில் 16 கட்டங்கள் ஒரு பார். கிக் அந்த 16-இல் நேராக ஓடட்டும். ஒரு உலோக ஒலியை மட்டும் ஐந்து கட்டத்தில் திரும்பத் திரும்ப ஓடும் லூப்பில் போடுங்கள். நேரான கைத்தட்டின் மேல் "தகதகிட தகதகிட" என்று சொல்லிக்கொண்டே போவது போலத்தான் இது. ஒவ்வொரு பாரிலும் அது வேறு இடத்தில் விழும், ஐந்து பார் கழித்துக் கிக்கோடு மறுபடி ஒன்றுசேரும். "தகிட தகதிமி" என்று ஏழில் போட்டால் ஏழு பார் ஆகும்; 128 பிபிஎம்மில் ஏறத்தாழ 13 விநாடி. சமத்தில் வந்து இறங்கும் அந்தக் கணம் கச்சேரியில் ரசிகர் தொடையைத் தட்டும் கணம்தான். கிளப்பில் கை மேலே போகும். ஐந்து, ஏழு இரண்டையும் ஒரே நேரத்தில் போட ஆசை வரும். முதல் சில செட்டுகளில் வேண்டாம். ஐந்தும் ஏழும் கிக்கோடு சேர்ந்து சமத்துக்கு வர 35 பார், அதாவது ஒரு நிமிடத்துக்கும் மேல். அவ்வளவு நேரம் அந்த வரவுக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

கணினியில் நிரல் எழுதியபடியே வாசிக்கும் ஆல்கோரேவ் என்ற வகையிலும் இந்த எண்ணம்தான் அடிப்படை. 2011 வாக்கில் அந்தப் பெயரைச் சூட்டியவர்கள் அலெக்ஸ் மெக்லீனும் நிக் காலின்ஸும். மெக்லீன் உருவாக்கிய டைடல்சைக்கிள்ஸ் மென்பொருள், தாள அடுக்குகளை எழுதும் முறையை போல் பிராசஸர் என்ற பழைய நிரலிலிருந்து எடுத்துக்கொண்டது. போல் பிராசஸர் 1980-களில் தபலாச் சொற்கட்டுகளை ஆராய உண்டான நிரல். ஆக, ஐரோப்பியக் கிளப்பில் ஓடும் அந்த நிரலுக்குள் நம் பக்கத்துச் சொற்கட்டின் சுவடு நிஜமாகவே இருக்கிறது. காசு செலவழிக்காமல் தொடங்க நினைப்பவர்கள், உலாவியிலேயே இயங்கும் அதன் தம்பி ஸ்ட்ரூடலைப் பிடித்துக்கொள்ளலாம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கலையுங்கள்

வேகம், தாள அடுக்கு, ஒலியின் நிறம், சுரம், சத்த அளவு. இந்த ஐந்து கயிறுகளில் ஒரு சமயத்தில் ஒன்றை அறுக்கலாம், பழகியபின் இரண்டை. தாளம் உடையும்போது ஒலிகள் பரிச்சயமானவையாக இருக்கட்டும். ஒலி விநோதமாகப் போகும்போது தாளம் மரம்போல நிற்கட்டும். ஃபின்லாந்தின் பான் சோனிக் இருவர் சைன் அலையையும் மின் ரீங்காரத்தையும் வைத்தே கூட்டத்தைப் பிடித்து நிறுத்தினார்கள். ஒலி அவ்வளவு வறண்டிருந்தது, ஆனால் துடிப்பு அசையவில்லை.

கிக்கை முழுக்க எடுக்க வேண்டும் என்றால் எடுங்கள். அப்படிக் கிக்கை எடுக்கும் இடங்கள் இல்லாமல் கிளப் இசையே கிடையாது. ஆனால் எடுப்பதற்கு முன் ஹை-ஹாட்டையோ பேஸையோ காலுக்குக் கொடுத்துவிட்டு எடுங்கள். எட்டுப் பார் வரை தைரியமாகப் போகலாம். பதினாறைத் தாண்டுகிறீர்கள் என்றால் திரும்பி வருவதற்கான அடையாளம் ஒன்று, ஏறிவரும் ஒரு ஒலியோ அடர்ந்துவரும் தட்டலோ, காதில் விழுந்துகொண்டிருக்க வேண்டும்.

ஒலியைப் பெரிய ஸ்பீக்கருக்காகச் செய்யுங்கள்

புதியவர்கள் அதிகம் விழும் குழி இதுதான். ஹெட்ஃபோனில் அகலமாக, இடமும் வலமும் சுழலும் அழகான பேஸ் கிளப்பில் காணாமல் போகும். பல கிளப்புகளில் சப்வூஃபருக்கு (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கருக்கு) இரண்டு பக்க ஒலியையும் ஒன்றாகச் சேர்த்தே அனுப்புகிறார்கள். இடப்பக்க அலை ஏறும்போது வலப்பக்க அலை இறங்குவதாக இருந்தால், சேரும்போது ஒன்றை ஒன்று அழித்துவிடும். ஆகவே 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை எல்லாம் மோனோ, அதாவது இரண்டு பக்கமும் ஒரே ஒலி, ஆக்குங்கள். முழு செட்டையும் ஒரு தடவை மோனோவில் போட்டுக் கேளுங்கள். அப்போது மறைவது எதுவோ, அது அந்த ராத்திரியும் மறையும்.

50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை ஏறக்குறைய 7 மீட்டர் நீளம். சின்ன அறையில் அது சுவரில் மோதித் திரும்பி, ஒரு மூலையில் குவியும், இன்னொரு இடத்தில் வற்றிப்போகும். டிஜே நிற்கும் இடத்தில் பேஸ் போதவில்லை என்று ஏற்றிவிடாதீர்கள். நடுக்களத்தில் நெஞ்சை உடைத்துக்கொண்டிருக்கலாம். கிக்கும் பேஸும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளாமல், ஒன்று விழும்போது மற்றது ஒதுங்கும்படி அடுக்குங்கள். மேல் பக்கத்தில் 2,000-லிருந்து 5,000 ஹெர்ட்ஸ் வரை காது மிகக் கூர்மையானது. இரைச்சல் வாசிப்பவர்கள் அங்கேதான் ஆட்களை விரட்டுகிறார்கள். இரைச்சலுக்கு அந்த இடத்தில் ஒரு வெட்டு கொடுத்தால், அதே இரைச்சலை இன்னும் அதிக நேரம் தாங்குவார்கள். அறையின் எதிரொலிப்பைப் போலச் சேர்க்கும் ரிவர்பைப் பாதியாகக் குறையுங்கள். மீதியை அந்த அறை கொடுக்கும்.

கருவிகள் குறைவாக இருக்கட்டும்

ஒரு லேப்டாப், அதன் ஒலியை வெளியே கொடுக்கும் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், குமிழ்கள் உள்ள ஒரு கண்ட்ரோலர். அல்லது ஒரு டிரம் மெஷின், ஒரு சிந்தசைசர், ஒரு டிலே (ஒலியைத் தள்ளித் திருப்பிச் சொல்லும் கருவி). இதற்கு மேல் முதல் வருடத்தில் தேவையில்லை. ரோலண்ட் நிறுவனம் 1983-இல் வெளியிட்ட டிஆர்-909 டிரம் மெஷின் ஒன்றை மட்டும் முன்னால் வைத்துக்கொண்டு டெக்னோ கலைஞர் ஜெஃப் மில்ஸ் கூட்டத்தை ஆட்டுவார். அந்த விரல்கள் பழகிய பழக்கத்தைப் பாருங்கள். ஏபிள்டன் என்ற இசை மென்பொருள் நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ராபர்ட் ஹெங்கே, மோனோலேக் என்ற பெயரில் வாசிப்பவர், தன் செட்டுக்கென மோனோடெக் என்ற கண்ட்ரோலரைத் தானே கட்டினார். எந்தக் குமிழ் எதைத் திருப்பும் என்று கை யோசிக்காமல் அறிய வேண்டும் என்பதுதான் விஷயம். நீங்கள் கட்ட வேண்டாம். எட்டுக் குமிழ்களுக்கு எட்டு வேலை கொடுத்து, அதை ஒரு வருடம் மாற்றாமல் இருங்கள்.

லேப்டாப்பில் வைஃபை, அறிவிப்புகள், தானாக உறங்குவது எல்லாவற்றையும் அணையுங்கள். பஃபரை, அதாவது கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவை, 256 சாம்பிள் வைத்தால் 48,000 சாம்பிள் வேகத்தில் அதனால் வரும் தாமதம் ஐந்து மில்லிவிநாடி சொச்சம்தான். லூப்புகளை விடுவது மட்டும் என்றால் 512-கூடப் பரவாயில்லை. வீட்டில் செயலியின் சுமை பாதிக்கு மேல் போனால், பாடுபட்டுச் செய்த ஒலிகளை ஆடியோவாக மாற்றி வைத்துவிடுங்கள். சூடான, புகை மண்டிய டிஜே மேசையில் அதே லேப்டாப் மெதுவாகிவிடும். ஃபோனிலோ பென் டிரைவிலோ பத்து நிமிட இசை ஒன்று தயாராக இருக்கட்டும். லேப்டாப் நின்றுபோனால், மறுபடி எழும்வரை அது ஓடும்.

கேபிளும் சவுண்ட் செக்கும்

கிளப்பின் டிஜே மிக்ஸரில் பெரும்பாலும் ஆர்சிஏ துளைகள் இருக்கும். உங்கள் இன்டர்ஃபேஸில் கால் அங்குல ஜாக். இடையில் போடும் கேபிளை நீங்களே இரண்டு ஜோடி கொண்டுபோங்கள். மிக்ஸரில் ஃபோனோ (இசைத்தட்டு பிளேயருக்கு), லைன் (மற்ற கருவிகளுக்கு) என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது லைனில் இருக்கிறதா என்று இருமுறை பாருங்கள்; ஃபோனோவில் செருகினால் ஒலி பல மடங்கு பெருகிப் பிளந்துவிடும்.

லேப்டாப் சார்ஜரைச் செருகியதும் ரீங்காரம் வருகிறதா? சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றால் குற்றவாளி அதுதான். டிஐ பாக்ஸ் என்ற சின்ன இணைப்புப் பெட்டி ஒன்றை மிக்ஸருக்கு முன் இடையில் போட்டு அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டினால் பெரும்பாலும் அடங்கும். சார்ஜர் பிளக்கின் எர்த் பின்னை உடைத்து ரீங்காரத்தை நிறுத்தும் பழக்கம் நம் மேடைகளில் நிறைய உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தப் பின் உயிரைக் காப்பது.

சவுண்ட் இன்ஜினியரிடம் பெயரைக் கேட்டு வணக்கம் சொல்லிவிட்டு, உங்கள் செட்டிலேயே மிகவும் சத்தமான இடத்தை முதலில் போட்டுக் காட்டுங்கள், அப்புறம் மிகவும் தாழ்ந்த சுரத்தை. "திடீர்னு இவ்வளவு ஏறும்ணே" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர் லிமிட்டரோடு (சத்தத்தை வரம்பில் நிறுத்தும் கருவியோடு) போராட வேண்டியதில்லை. உங்கள் மாஸ்டர் (மொத்த ஒலியின் அளவு) உச்சத்தில் பூஜ்யத்துக்கு 6 டெசிபல் கீழேயே நிற்கட்டும். மிக்ஸரில் சிவப்பு விளக்கு எரிவது வீரம் என்று சிலர் நினைக்கிறார்கள். நீங்கள் சேர்த்த அழகான டிஸ்டார்ஷனின் மேல் அசிங்கமான ஒன்று ஏறிவிடுகிறது, அவ்வளவுதான்.

உங்கள் பக்கம் திருப்பி வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரைக் கேட்டு வாங்குங்கள். ஒலி விநாடிக்கு 343 மீட்டர்தான் போகிறது. பத்து மீட்டர் தள்ளி இருக்கும் பெரிய ஸ்பீக்கரை நம்பித் தட்டினால், உங்களுக்குக் கேட்பதே 29 மில்லிவிநாடி தாமதம். நேரில் தட்டி வாசிப்பவருக்கு அந்தத் தாமதம் கையைக் குழப்பும்.

ஒத்திகை

நின்றுகொண்டு செய்யுங்கள். விளக்கை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். 45 நிமிடத்தையும் நிறுத்தாமல், தப்பு வந்தாலும் நிறுத்தாமல் வாசித்துப் பதிவு செய்யுங்கள். மறுநாள் அந்தப் பதிவைப் போட்டுக்கொண்டு வீட்டில் பாத்திரம் துலக்குங்கள், நடந்து போங்கள். எந்த இடத்தில் உடம்பு நின்றுவிடுகிறது என்று கவனியுங்கள். அங்கே பிடி நழுவியிருக்கிறது. எந்தக் கோட்பாட்டை விடவும் இந்த ஒரு சோதனையை நான் நம்புகிறேன்.

முழு செட்டையும் இறுகக் கட்டிவிடாதீர்கள். மூன்று தங்குமிடங்கள் மட்டும் உறுதியாக இருக்கட்டும்: தொடக்கம், நடுவில் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரக்கூடிய ஒரு நல்ல திடமான லூப், முடிவு. இடைப்பட்டதை அங்கே நிற்கும் மனிதர்கள் தீர்மானிக்கட்டும்.

மேடையில்

முதல் இரண்டு நிமிடம் திரையைப் பார்ப்பதைக் குறையுங்கள். முகங்களைவிடக் கால்களைப் பாருங்கள். முகம் இறுகியிருந்தாலும் குதிகால் தட்டிக்கொண்டிருந்தால் அவர் உங்களோடு இருக்கிறார். நான்கைந்து பேர் வெளியே போனால் பதறாதீர்கள். குடிக்கவும் போவார்கள், காற்று வாங்கவும் போவார்கள். ஒரு பக்கம் முழுவதும் அசைவு நின்றுவிட்டால்தான் கவனிக்க வேண்டும். அப்போது புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். ஒவ்வொன்றாக எடுங்கள், கிக்கும் இன்னொன்றும் மட்டும் மிஞ்சும் வரை. 16 பார் அப்படியே விடுங்கள். அந்த 30 விநாடி உங்களுக்கு ஒரு யுகம்போல இருக்கும், ஆடுகிறவருக்கு மூச்சு வாங்கும் நேரம். கால்கள் திரும்பியதும் மறுபடி கலைக்கத் தொடங்குங்கள்.

நன்றாகப் போகிறது என்று தெரிந்த நிமிடத்தில்தான் உங்கள் மிகத் துணிச்சலான ஒலியை விட வேண்டும். கூட்டத்தின் நம்பிக்கை சேமிப்பு மாதிரி. இருபது நிமிடம் சேர்த்த பிறகு செலவு செய்தால், வீட்டில் தனியாகக் கேட்டிருந்தால் அவர்கள் அணைத்துவிடக்கூடிய ஒரு ஒலிக்கு இங்கே கையைத் தூக்குவார்கள். ஒரு அந்நிய ஒலி இருநூறு உடம்புகளுக்குள் ஒரே நேரத்தில் புகும் அந்தக் கணத்துக்காகத்தான் நான் இன்னும் இதைச் செய்துகொண்டிருக்கிறேன்.

காதில் அடைப்பான் இல்லாமல் அங்கே நிற்காதீர்கள். 100 டெசிபலில் 15 நிமிடம் நின்றாலே, 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வேலை செய்பவருக்கான ஒரு நாள் அளவு முடிந்துவிடுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் இசைக்கூடங்களுக்குச் சொன்ன உச்ச வரம்பும் சராசரி 100 டெசிபல்தான். எல்லா அலைவரிசையையும் சமமாகக் குறைக்கும் இசைக்கலைஞர் அடைப்பான் ஒரு ஜோடி வாங்கிச் சாவிக்கொத்தில் தொங்கவிடுங்கள்.

கடைசி ஐந்து நிமிடத்தில் அடுத்து வாசிப்பவர் பக்கத்தில் வந்து நிற்பார். என்ன வேகத்தில் எடுக்கப் போகிறார் என்று அவர் காதில் கேளுங்கள், முடிந்தால் அந்த வேகத்துக்கு மெல்ல நகருங்கள். சுரம் எதுவும் இல்லாத வெறும் கிக்கும் ஹை-ஹாட்டும் கொண்ட லூப் ஒன்றை அவருக்காக ஓடவிடுங்கள். அவர் தன் பாட்டை அதன் மேல் ஏற்றி, மிக்ஸரில் உங்கள் ஒலியின் அளவை மாற்றும் ஃபேடரை முழுவதும் இறக்கிய பிறகு மட்டும் கேபிளைக் கழற்றுங்கள்.